மேலூருக்கு வந்த இன்டர்நெட் எந்தத் தெருவுல இறங்குச்சு?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்னு எது வேணும்னாலும் இன்னைக்கு இ-சேவை மையத்துக்குப் போறோம், இல்லன்னா போன்லயே முடிச்சிடுறோம். இதை 2001-லயே மதுரைக்குப் பக்கத்துல செஞ்சு பார்த்திருக்காங்க.

இடம், மேலூர் தாலுகா. மதுரையிலிருந்து திருச்சி ரோட்டுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். சென்னை ஐஐடி, அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்ஐடி, என்-லோக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து நடத்தின திட்டத்தோட பேரு 'சாரி'. கிராமத்துக்குக் கிராமம் கேபிள் இழுக்கக் கட்டுபடியாகாது. அதனால ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' வயர்லெஸ்ஸைப் பயன்படுத்தினாங்க. வேகம், வினாடிக்கு 35 இல்லன்னா 70 கிலோபிட். இன்னைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டோவே அதுல திணறும்.

ஆனா அந்த வேகத்துலயே வேலை நடந்துச்சு. கண்ணை வெப்கேம்ல படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. நோய் விழுந்த பயிரோட படம் மதுரை வேளாண் கல்லூரிக்குப் போச்சு. சான்றிதழுக்கு மனு கொடுக்க, ஒரு நாள் கூலியை விட்டுட்டு தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

இப்போ அதே தாலுகாவோட இன்னொரு பக்கம். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டுச்சு. அதுல ஜெயிச்ச முருகேசனையும் கூட இருந்தவங்களையும் 1997 ஜூன் 30 அன்னைக்கு, பஸ்ல வந்துட்டு இருந்தப்போ வெட்டிக் கொன்னாங்க. நாலு வருஷம் கழிச்சு இந்த மண்ணுக்குத்தான் கம்ப்யூட்டர் வருது.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதுதான். ஆனா அதை யாரோ ஒருத்தர் கட்டடத்துல வைக்கணும் இல்லையா? அந்தக் கட்டடம் ஊருக்குள்ள இருக்கா, காலனியில இருக்கா?

ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் இந்த மையங்களை ஆராய்ஞ்சு 2006-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கிராமத்துல கொஞ்ச வீட்டுக்காரங்கதான் மையத்துக்கு வந்திருக்காங்க. அவங்கள்லயும் நிறைய பேர் இளைஞர்கள், ஆண்கள், படிச்சவங்க, வசதியான சமூகத்தைச் சேர்ந்தவங்க. விட்டா, ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வை இந்த மையங்களே காப்பாத்திக் கொடுத்திடும்.

ஆனா விதிவிலக்கும் இருந்துச்சு. ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்துலயே மையம் இருந்த இடங்கள்ல, அவங்கள்ல ஒருத்தரே முன்னால நின்னு நாலு பேரைக் கூட்டிட்டு வந்த இடங்கள்ல, அந்த மக்கள் அதிகமா வந்தாங்க. மெஷினும் டவரும் அதேதான். மாறினது தெருவும், கூப்பிட்ட ஆளும்.

வருமானம் கட்டுபடியாகாம, சில வருஷத்துலயே பல மையங்களுக்குப் பூட்டு விழுந்துச்சு. இன்னைக்கு டவர் எல்லாத் தெருவுக்கும் வந்தாச்சு. ஆனா வீட்டுல இருக்கிறது ஒரே போன், அதுவும் மகன் சட்டைப் பையில இருக்குன்னா, அம்மாவுக்கு வர்ற ஓடிபியை யார் பார்ப்பாங்க?

'ஆன்லைனில் மட்டுமே விண்ணப்பிக்கவும்'னு அடுத்த தடவை எங்கயாவது பார்த்தா, மேலூரை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.