ட்ரம்பெட்டும் ஒரு ஆஃப்ஷோர் ப்ராஜெக்ட்டும்

எங்க மதுரையில ட்ரம்பெட்னா பேண்டு செட் தான். கல்யாண ஊர்வலம், சாவு வீடு ரெண்டுக்கும் அதே வாத்தியம். அதனால காலேஜ் ஹாஸ்டல்ல மைல்ஸ் டேவிஸ் பேரை முதல்ல கேட்டப்போ, "பேண்டு செட்காரரா?"ன்னு கேட்டு அசிங்கப்பட்டேன் :-) சரி, மேட்டருக்கு வருவோம்.

மைல்ஸ் 1972-லயே 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் தபலாவும் சிதாரும் சேர்த்தார். தபலா பாதல் ராய். ஆனா என் காதுக்கு ரெண்டும் தாளிப்பு வாசனை தான், சாப்பாடு இல்லை. அன்றைய ஜாஸ் விமர்சகர்கள் பலர் அந்த ஆல்பத்தையே கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

மைல்ஸ் 1991-ல் இறந்தார். 2008-ல் பாப் பெல்டன் தயாரிப்பில் 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' வந்தது, ரெண்டு சிடி. மைல்ஸோட பழைய மெட்டுக்கள். அவர்கூட வாசித்தவர்களோடு நம்ம விக்கு விநாயகராம் (கடம்), செல்வகணேஷ் (கஞ்சிரா). ட்ரம்பெட் வாலஸ் ரோனி. இந்த முறை நம்மாட்கள் தாளிப்பு இல்லை, இலையில் சாதமே அவங்க தான்.

பதிவு செய்த விதம் தான் இடிக்குது. பெரும்பாலும் இந்தியாவில் முதலில் பதிவு, அப்புறம் அமெரிக்காவில் அதன் மேல் வாசிப்பு. அக்மார்க் ஆஃப்ஷோர்-ஆன்சைட் மாடல்!

"மைல்ஸ் ஆல்பங்களையே டியோ மசேரோ டேப்பை வெட்டி ஒட்டித்தானே செய்தார்?"னு கேட்பீங்க. நியாயம். ஆனா 'பிட்சஸ் ப்ரூ'வுக்கு 1969-ல் எல்லாரும் ஒரே ரூமில் முகம் பார்த்து வாசித்தார்கள், வெட்டினது அப்புறம்.

தாளம் இதில் தப்பித்துவிடுகிறது. அது கணக்கு, கடல் தாண்டினாலும் மாறாது. அடிபடுவது ராகம். நாதஸ்வரக்காரர் மூச்சிலும் விரலிலும் இழைக்கிற கமகம் மூணு வால்வு ட்ரம்பெட்டில் சுலபமா வராது. ரோனி மைல்ஸ் பாணியில் நிறுத்தி, இடம் விட்டு வாசிக்கிறார், அழகு தான். நம்மாட்கள் வாசித்ததற்கு அந்த ட்ரம்பெட் பதில் சொல்லலாம். அந்தப் பதிலுக்கு மறுபதில் சொல்ல இங்கே யாரும் இல்லை. நம்ம கச்சேரியோட உயிரே அந்த மறுபதில் தானே?

ரோனி 2020-ல் போய்ச் சேர்ந்துட்டார். இனிமே அவரையும் நம்மாட்களையும் ஒரே ரூமில் உட்கார வைக்க வழியில்லை.

ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்க. கேட்டுட்டு, தெருவுல பேண்டு செட் போனா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ட்ரம்பெட்காரர் கண்ணு ட்ரம்ஸ்காரர் மேலயே இருக்கும்.