காகங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தது ஏன்? பறவைகளைத் தாக்கும் வெஸ்ட் நைல் கிருமி

கொசு என்றதும் நம் நினைவுக்கு வருவது டெங்கி.

ஆனால் எல்லாக் கொசுக்களும் மனிதர்களைத் தேடி வருவதில்லை. கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள் பலவற்றுக்குப் பறவை ரத்தம்தான் ரொம்பப் பிடிக்கும். அவை பரப்பும் கிருமிகளில் ஒன்று வெஸ்ட் நைல்.

1937ஆம் ஆண்டு உகாண்டாவின் வெஸ்ட் நைல் வட்டாரத்தில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர்.

நியூயார்க்கில் என்ன நடந்தது?

1999ஆம் ஆண்டு கோடைக்காலம். நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. பிராங்ஸ் விலங்குத் தோட்டத்தில் ஃபிளமிங்கோ பறவைகளும் மாண்டன.

அதே சமயம் குவீன்ஸ் வட்டாரத்தில் சிலருக்கு மூளை அழற்சி. அது செயின்ட் லூயிஸ் மூளை அழற்சிக் கிருமி என்று அதிகாரிகள் முதலில் கருதினர்.

அங்கேதான் இடித்தது. அந்தக் கிருமி பொதுவாகப் பறவைகளைக் கொல்லாதே!

விலங்குத் தோட்டத்தின் நோயியல் மருத்துவர் டிரேசி மெக்னமாரா அதைச் சுட்டிக்காட்டினார். குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளை அழற்சிக் கிருமியாக இருக்குமோ? அது ஈமு பறவைகளை விட்டுவைக்காது. ஆனால் தோட்டத்து ஈமுக்கள் நன்றாகத்தான் இருந்தன.

கடைசியில் அது வெஸ்ட் நைல் என்று தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கே அது புதிது. அவ்வாண்டு நியூயார்க்கில் 62 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். 7 பேர் மாண்டனர்.

காகங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

நீண்டகாலமாக அந்தக் கிருமியோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பறவைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. அமெரிக்கப் பறவைகள் அதைப் பார்த்ததே இல்லை.

அதிலும் காகக் குடும்பம்தான் மோசமாக அடிபட்டது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் கிருமி தொற்றிய அமெரிக்கக் காகங்களில் கிட்டத்தட்ட எல்லாமே சுமார் ஒரு வாரத்துக்குள் இறந்தன. கொசுவே இல்லாத கூண்டில்கூட ஒரு காகத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கிருமி பரவியது.

ராபின் பறவையின் கதை வேறு. அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கொசுக்கள் அதை விரும்பிக் கடிப்பதால் கிருமி பரவ அதுவே பெரும் காரணமாகிறது. செத்துக் கிடக்கும் காகம் கண்ணில் படும், பறந்து திரியும் ராபின் படாது.

மனிதர்களும் குதிரைகளும்? நம் ரத்தத்தில் கிருமி அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. நம்மைக் கடிக்கும் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுசெல்ல முடியாது.

இழப்பு எவ்வளவு?

காட்டில் இறக்கும் பறவையை யார் எண்ணுவது? பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலேயே மறைந்துபோகும்.

கைகொடுத்தது தொண்டூழியர்களின் கணக்கு. 1966ஆம் ஆண்டிலிருந்து வட அமெரிக்காவில் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் சுமார் 40 கிலோமீட்டர் சாலையில் 50 இடங்களில் நிற்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் 3 நிமிடம். கண்ணில் படுவதும் காதில் விழுவதும் பதிவாகும்.

அந்தப் பதிவுகளை வைத்து 2007ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. 20 இனங்களை ஆராய்ந்ததில் 7 இனங்கள் குறைந்திருந்தன. சில வட்டாரங்களில் காகங்களின் எண்ணிக்கை 45 விழுக்காடு வரை சரிந்திருந்தது. நீல ஜே உட்பட 2 இனங்கள் மட்டும் 2005ஆம் ஆண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பின.

அரிய பறவைகளுக்கு அந்த அவகாசம் இல்லை. உலகில் சில நூறு மட்டுமே இருந்த கலிஃபோர்னியக் காண்டோர் கழுகுகளுக்கு, கிருமி அங்கு பரவத் தொடங்கிய 2003ஆம் ஆண்டிலேயே தடுப்பூசி போடும் பணி ஆரம்பமானது.

காட்டில் உள்ள காகங்களை எல்லாம் பிடித்து ஊசி போட முடியுமா என்ன?

ஐரோப்பாவில் இப்போது இதன் உறவுக்காரக் கிருமியான உசுட்டு கரும்பறவைகளைக் கொல்கிறது. 2001ஆம் ஆண்டு வியன்னாவில் அவை மடிந்தன. 2020இல் லண்டனிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.