பிடிசோறும் கட்டுச்சோறும்

யப்பானிய மொழியிலே சோற்றுருண்டைக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று ஒனிகிரி; மற்றொன்று ஒமுசுபி. முன்னையது கையால் இறுகப் பிடித்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. பின்னையது கட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. இரண்டின் முன்னும் நிற்கும் ஒகரம் மரியாதை குறித்து வருவது. தமிழரும் ஒரு பிடி சோறு என்பர். வழிநடைக்கு எடுத்துச் செல்வதைக் கட்டுச்சோறு என்பர். இவ்வொற்றுமையைக் கண்டவுடன் மொழியுறவு தேட முற்படுதல் வேண்டா. யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அவ்வுறவை நிறுவப் பல்லாண்டு முயன்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் உழைத்தனர். எனினும் மொழியியலாளருட் பெரும்பாலார் அக்கொள்கையை ஏற்றிலர். பசித்தவன் கையும் வழிப்போக்கன் மூட்டையும் எந்நாட்டிலும் ஒரே தன்மையன என்று கொள்வதே பொருந்தும்.

இன்று தோக்கியோ, ஒசாக்கா போன்ற நகரங்களிலுள்ள பேரங்காடிகளின் நிலக்கீழ்த் தளம் முழுவதும் உணவுக் கடைகளாகவே இருக்கும். அவற்றுள் சோற்றுருண்டைக்கெனத் தனிக் கடையும் உண்டு. உப்பு நீர் தொட்ட கையால் சுடுசோற்றை முக்கோணமாகப் பிடித்து, உள்ளே உப்பிட்ட சால்மன் மீனோ ஊறவைத்த புளிப்புக் கனியோ வைத்து, காய்ந்த கடற்பாசித் தாளாற் சுற்றி வரிசையாக அடுக்கியிருப்பர். ஒவ்வொன்றின் முன்னும் விலை எழுதப்பட்டிருக்கும். வருவோர் விரலாற் சுட்டி, பணம் கொடுத்து, வாங்கிச் செல்வர். வந்தவர் யார், எவர் மகன், எவ்வூர் என்று கேட்பார் இல்லை.

சாவகச்சேரிச் சந்தையை அறிந்தவர்க்கு இக்காட்சி ஒரு வினாவை எழுப்பும். பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் தென்மராட்சியின் எல்லா மூலைகளிலுமிருந்து வந்து குவியும் சந்தை அது. சோறு உண்ணும் மக்களின் சந்தையுமாகும். அங்கே பிடித்த சோறு விலைப்பொருளாகாதது ஏன்?

சோற்றைப் பிடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. முதல்நாட் சோற்றிலே தயிரும் பழங்கறியும் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டுப் பிசைந்து, சுற்றியிருக்கும் பேரப்பிள்ளைகளின் கையில் ஆச்சி கவளங் கவளமாக வைக்கும் பழஞ்சோற்றுக் குழையலை மறந்தவர் சிலரே. ஆனால் அக்கவளம் உள்ளங்கையிலிருந்து வாய்வரைதான் பயணஞ் செய்யும். மொட்டைக்கறுப்பன் முதலிய ஊர் நெல்லைப் புழுக்கிக் குத்திய அரிசி வெந்தபின் பருக்கை பருக்கையாகப் பிரிந்து நிற்கும். யப்பானிய அரிசியோ குறுமணி. ஒட்டும் இயல்பைக் குறைக்கும் மாப்பொருட் கூறு அதிற் குறைவு. பிடித்தது பிடித்தபடியே ஆறிய பின்னும் நிற்கும். எனவே யாழ்ப்பாணத்தார் சோற்றைப் பிடியாமற் பொதிந்தனர். வாழையிலையும் பனையோலைத் தட்டுவமும் அதற்கு உதவின. இது பாதி விடை. மற்றப் பாதி அரிசியைப் பற்றியதன்று. அதைச் சமைத்த கையைப் பற்றியது.

யப்பானிலும் சோற்றுருண்டை தாழ்ந்த இடத்திலிருந்தே புறப்பட்டது. இசிக்காவா மாவட்டத்தில் 1987ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட கரிந்த சோற்றுக்கட்டி ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையுடையது. அதனை ஆக்கியவர், உண்ண இருந்தவர் பற்றி மண் ஒன்றும் கூறவில்லை. ஆனால் முரசாக்கி சிக்கிபு என்னும் அரண்மனைப் பெண்மணி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சி கதையிலே இவ்வுருண்டை தொஞ்சிக்கி என்னும் பெயருடன் தெளிவாகவே வருகின்றது. பெருங்குடி விருந்துகளில் உள்ளே பலவகை உண்டி நடக்க, பணியாளர்க்கு அளிக்கப்பட்ட பிடிசோறு அது. பின்னர் போர்வீரரும் உழவரும் வழிப்போக்கரும் அதனைத் தம் உணவாக்கினர்.

கடைப்பொருளானது மிகப் பிந்தியே. 1885ஆம் ஆண்டு உத்சுனோமியா புகையிரத நிலையத்தில் இரண்டு உருண்டைகளும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் மடலிற் பொதிந்து 5 சென்னுக்கு விற்கப்பட்டன என்றும், நிலைய உணவுப்பொதி விற்பனைக்கு அதுவே தொடக்கம் என்றும் பொதுவாகக் கூறுவர். 1889ஆம் ஆண்டு சுருவோக்கா என்னும் ஊரில் புத்த கோயிலொன்றிலிருந்த பாடசாலையில், வறிய பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்புமீனும் ஊறுகாயும் இலவசமாக வழங்கப்பட்டன. துறவிகள் வீடுவீடாகச் சென்று பெற்ற பிச்சையால் அது நடந்ததென்பர். அந்நாட்டுப் பாடசாலை உணவின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவர்.

பேரங்காடியின் கதை இதனினும் பழையது. 1673ஆம் ஆண்டு எடோ நகரில் மித்சுயி குடும்பத்தார் எச்சிகோயா என்னும் துணிக்கடையைத் திறந்தனர். அக்காலத்துப் பெரிய வணிகர் செல்வர் வீட்டுக்குத் துணிகொண்டு சென்று, கடனுக்கு, ஆளுக்கொரு விலை பேசி விற்பர். எச்சிகோயாவோ குறித்த விலைக்கு, கைப்பணத்துக்கு, கடைவாயிலில் வந்தவர் எவர்க்கும் விற்றது. இது வியாபாரத் தந்திரமே; அறச்செயலன்று. ஆயினும் வாங்குபவனின் பிறப்பை விலையிலிருந்து பிரித்த செயல் அது. அக்கடையே மித்சுக்கோசி என மாறி, 1904இன் இறுதியில் தன்னைப் பேரங்காடியாக அறிவித்துக்கொண்டது. அப்பொழுதும் பாதரட்சையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லவேண்டும். கோயில் வாயிலிற் செருப்புக் கழற்றும் தமிழர்க்கு இது வியப்பளியாது. 1923 செப்டெம்பர் 1ஆம் நாளின் பெருநிலநடுக்கம் நகரை அழித்தபின், பேரங்காடிகள் அன்றாடப் பண்டங்களையும் விற்கத் தலைப்பட்டன. பாதரட்சைக் கட்டுப்பாடும் தளர்ந்தது. நிலக்கீழ்த் தளத்தை உணவுக்கென ஒதுக்கியதில் 1936ஆம் ஆண்டு நாகோயாவில் மத்சுசக்காயா வழிகாட்டியதென்பர்.

யப்பானைச் சமத்துவபூமி எனப் புகழ்வது பிழை. இறைச்சி, தோல் தொழில்களோடு இணைத்து இழிவுபடுத்தப்பட்ட மக்கள் அங்கும் இருந்தனர். 1871ஆம் ஆண்டின் ஆணை அவ்விழிவைச் சட்டத்திலிருந்து நீக்கியதேயன்றி வாழ்விலிருந்து நீக்கவில்லை. அதனாலன்றோ 1922ஆம் ஆண்டில் அவர்கள் சுயிகெய்சா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தாமே அமைத்துப் போராட நேர்ந்தது!

யாழ்ப்பாணத்திற் சோற்றின்மேல் விழுந்த கட்டு இன்னும் இறுக்கமானது. அரிசியாய் இருக்கும்வரை அதனை எவரிடமும் வாங்கலாம். உலையில் வெந்து சோறானதும் சமைத்தவர் சாதி அதில் ஒட்டிக்கொள்ளும். சைவப் பாடசாலைகளுக்கென வீடுகளிற் பிடியரிசி சேர்த்த ஊர் இது. அந்தப் பிடியரிசி சோறாகியிருந்தால் எத்தனை கை நீண்டிருக்கும்? 1930ஆம் ஆண்டை ஒட்டி, உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. வாங்கில் ஒன்றாய் இருத்தலுக்கே இப்பாடு என்றால் பந்தியைப் பற்றிப் பேசவேண்டா.

1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று; 1905 ஓகஸ்டில் கொழும்புவரை பாதை திறந்தது. ஒரே வண்டியில் எல்லாரும் ஏறினர். ஆனால் அவரவர் மடியில் அவரவர் வீட்டுக் கட்டுச்சோறு இருந்தது. பயணம் பொதுவாயிற்று, பொதி பொதுவாகவில்லை.

பொதுவாகவேண்டி நேர்ந்த முதலிடம் தேநீர்க்கடை. ஒடுக்கப்பட்டோரை உள்ளே விடாது, வெளியே நிறுத்திப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் ஊற்றிய கடைகள் குடாநாடெங்கும் இருந்தன. அவர்கள் கொடுத்த காசு மட்டும் மற்றவர் காசோடு ஒரே பெட்டியில் விழுந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் தாளில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிச் சென்ற ஊர்வலம் பொலிசாரால் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளிற் சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் உயிர்ப்பலியுடன் நடந்தது. ஒரு குவளை தேநீரை மற்றவர் குடிக்கும் குவளையிலேயே குடிப்பதற்காக மாந்தர் மாண்டனர். இதனைச் சிறுபூசல் என்று எழுதும் வரலாற்றாசிரியர் தாகத்தையும் அறியார், மானத்தையும் அறியார்.

பின்னர்ப் போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நூறாயிரக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில்களும் வீட்டு விறாந்தைகளும் நிறைந்தன. பெருங்கிடாரங்களிற் சமைத்த சோறு பொதிபொதியாகக் கைமாறியது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்நகரே இடிபாடாயிற்று. 1990இல் நின்ற புகையிரதம் 2014ஆம் ஆண்டிலே மீண்டும் சாவகச்சேரி வழியாக யாழ்ப்பாணம் சென்றது.

இன்று அந்நகரத்துக் கடைகளில் நண்பகல் வேளையிற் சோற்றுப்பொதி விற்கின்றனர். அலுவலகத்தாரும் மேசன்மாரும் வண்டியோட்டிகளும் ஒரே வரிசையில் நின்று வாங்குகின்றனர். கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: சைவமா, மச்சமா?