குவாய் பாலமும் சயாமுக்குப் போன நம்மவர்களும்



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சயாம் மரண இரயில்பாதை என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து சீழ்க்கை ஒலி எழுந்தது. 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் போர்க்கைதிகள் அணிவகுத்து வரும்போது ஒலிக்கும் அதே மெட்டு. அம்மாணவன் தன் தந்தையோடு அமர்ந்து அப்படத்தைப் பார்த்திருக்கிறான். "இரயில்பாதையைப் போட்டவர்கள் யார்?" என்று கேட்டேன். "வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஐயா" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. "சயாமுக்குப் போனவங்க" என்று தோட்டத்தில் என் பாட்டி அடிக்கடி கூறுவார். அவர் கூறியதும், தொலைக்காட்சியில் நான் கண்ட பாலமும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை என்பதை உணர எனக்கே முப்பது வயதாகிவிட்டது.

தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களுள் 90,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆய்வாளருக்கு ஆய்வாளர் இவ்வெண்ணிக்கைகள் வேறுபடுகின்றன. போர்க்கைதிகளுக்குத் துல்லியமான கணக்கு உண்டு, நம்மவர்களுக்கு மதிப்பீடு மட்டுமே உண்டு என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அவர்கள் ஏன் போனார்கள்? ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலையில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. நல்ல சம்பளம், சில மாத வேலை என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் லாரி ஏறினர். பலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டனர். இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவை மூடி, உள்ளிருந்த ஆண்களை இரயிலேற்றிய நிகழ்வுகளையும் அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. திரைப்படத்திற்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள உறவு அங்கேயே தொடங்கிவிட்டது போலும்! 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. கைதிகளிடம் இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் கட்டுப்பாடும் இருந்தது. நம் மக்களுக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

போர் முடிந்தபின் இக்கதை எவ்வாறு பரவிற்று என்பதே என் சிந்தனைக்குரியது. மூலக்கதையை 1952இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய பியேர் பூல், போருக்குமுன் மலாயாவின் ரப்பர் தோட்டமொன்றில் பணியாற்றியவர். பால்மரம் வெட்டிய தமிழரை அவர் அறியாதவரல்லர். டேவிட் லீன் இயக்கிய திரைப்படம், மலாயா விடுதலை பெற்ற அதே 1957இல், இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட காட்சிகளோடு வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆங்கிலேயக் கர்னலுக்கும் ஜப்பானியக் கர்னலுக்கும் இடையிலான மானப் போராட்டமே அதன் கதை. அதில் கூலித் தமிழனுக்கு என்ன வேலை?

அப்படத்தின் வலிமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். காஞ்சனபுரியில் உள்ள உண்மையான பாலம் குவாய் நதியின்மீது கட்டப்பட்டதன்று. அது மே குளோங் ஆற்றின்மீது நிற்பது. நாவலாசிரியர் தவறாகக் கருதிவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுப்பயணிகள் குவாய் பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கவே, 1960இல் அவ்வாற்றின் அப்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினர். கதைக்கேற்ப ஆறே தன் பெயரை மாற்றிக்கொண்டதென்றால், பதினொரு வயது மாணவன் எம்மாத்திரம்?

எனினும் பழியனைத்தையும் அயலார்மீது சுமத்திவிட்டு அமைவது நேர்மையாகாது. கைதிகள் மறைத்து வைத்து எழுதிய நாட்குறிப்புகளும் வரைந்த ஓவியங்களும் பிற்காலத்தில் நூல்களாயின. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. எழுத்தறியாத நம் தொழிலாளிக்கு நாட்குறிப்பு ஏது? மாண்டவர்களுக்கு ஆளுக்கொரு கல் ஏது? ஆனால் திரும்பி வந்தவர்கள் நம்மிடையேதான் வாழ்ந்தார்கள். நாம் கேட்டோமா?

1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்றதைத் தமிழர் வீடுகள் பெருமையோடு நினைவில் வைத்தன. என் பாட்டனார் வீட்டிலும் அவருடைய படம் மாட்டியிருந்தது. நான் அத்தியாகத்தைக் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அதே மாதங்களில்தான் சயாம் முகாம்களில் நம்மவர்கள் செத்துக்கொண்டிருந்தனர். மார்தட்டிச் சொல்லக்கூடிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்; புண்ணோடும் காய்ச்சலோடும் திரும்பியவர் கதையை முணுமுணுப்பாக விட்டுவிட்டோம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வெளிவந்தன. அரை நூற்றாண்டுத் தாமதம்! அவற்றையும் எங்கள் பள்ளி நூலகத்தில் தேடினேன்; கிடைக்கவில்லை. வாங்கி வைத்திருக்க வேண்டியவன் நானேயல்லவா?

அன்று மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். இருபத்து மூவரில் நால்வர் எழுதி வந்தனர். அவர்களுள் ஒருவன் அந்தச் சீழ்க்கை மாணவன். தாத்தா கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய தந்தை லாரியில் ஏற்றப்பட்டவர், திரும்பவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தான். அதன்கீழே, பெயர் நினைவில்லை என்று தாத்தா கூறியதாகவும், பழைய பிறப்புப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் அவன் தாயார் பென்சிலால் குறிப்பெழுதி அனுப்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து அக்குறிப்பேடு மீண்டும் என் மேசைக்கு வந்தது. பென்சில் வரிகள் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் நீல மையில் ஒரு பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்டிருந்தன.