ஆந்தையும் மின்னொளியும்

1937ஆம் ஆண்டு மே மாதத்து இரவு. வேல்ஸ் நாட்டில் பழுப்பு ஆந்தை ஒன்றின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்தை நோக்கி எரிக் ஹாஸ்கிங் என்னும் இருபத்தேழு வயது ஆங்கிலேயர் சென்றார். ஆந்தையைப் படம் பிடிப்பதே அவர் நோக்கம். திடீரென்று இருளிலிருந்து முகத்தில் ஓர் அடி விழுந்தது. குஞ்சுகளைக் காக்க முனைந்த தாய்ப்பறவையின் நகம் அவரது இடக்கண்ணில் ஆழப் பதிந்துவிட்டது. கண்ணில் நச்சுத்தொற்று ஏற்பட்டதால் அதை அகற்ற நேர்ந்தது.

பறவை வரும் ஓசை அவருக்கு ஏன் கேட்கவில்லை? ஆந்தையின் சிறகிறகுகளின் முன்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பு உண்டு. பின்விளிம்பு குஞ்சம் போன்றது. இறகின் மேற்பரப்போ வெல்வெட்டுத் துணியைப் போல் மென்மையானது. இவை காற்றில் எழும் சுழல்களைச் சிதைத்து ஓசையைக் குறைக்கின்றன. எலிக்குக் கேட்காத பறவை மனிதனுக்கு மட்டும் கேட்குமா?

ஹாஸ்கிங் தம் தொழிலைக் கைவிடவில்லை. மீண்டும் ஆந்தைகளிடமே சென்றார். இரண்டு கண்களும் ஒரு பொருளைச் சற்று வெவ்வேறு கோணங்களில் காண்பதால்தான் நாம் அருகிலுள்ள பொருள்களின் தொலைவை எளிதில் உணர்கிறோம். ஒரு கண்ணை இழந்தவர் இதைப் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் காமிராவுக்கும் ஒரு கண்தானே!

முன்னோடிகள்

பறக்கும் பறவையைப் படம் பிடிக்கும் ஆவல் பழையது. 1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்தார். அது வினாடிக்கு 12 படங்கள் எடுத்தது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1900இல் பாடம் செய்த மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படம் பிடித்தனர். இவையெல்லாம் பகலில் நடந்தவை. இரவில் வேட்டையாடும் ஆந்தைக்கு என்ன செய்வது?

அக்காலத்துப் பளிச்சொளி பல்புகளில் மெல்லிய உலோக இழை ஆக்சிஜனில் எரிந்து ஒளி தந்தது. அவ்வொளி ஏறத்தாழ 1/50 வினாடி நீடிக்கும். இறக்கை நுனி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அசைவதாகக் கொள்வோம். 1/50 வினாடியில் அது 20 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் இறக்கை வெறும் புகைமூட்டமாகவே தெரியும்.

மின்தேக்கி தந்த விடை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்ட்டன் 1930களில் இதற்கு வழி கண்டார். மின்தேக்கி ஒன்றை உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றி, அதிலுள்ள ஆற்றல் முழுவதையும் வாயு நிரம்பிய குழாயின் வழியே ஒரே கணத்தில் வெளியேற்றினால் கண்ணைப் பறிக்கும் ஒளி தோன்றும். அது 1/5000 வினாடியே நீடித்தால் அதே இறக்கை நுனி 2 மி.மீ.தான் நகரும். இருட்டில் காமிராவின் கதவு திறந்தே இருந்தாலும் கேடில்லை. ஒளி உள்ள நேரமே படம் பதியும் நேரம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறையைப் பறவைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஹாஸ்கிங்கும் ஒருவர். 1948இல் அவர் எடுத்த கூகையின் படம் உலகப் புகழ் பெற்றது. அலகில் எலியுடன், இரு சிறகுகளையும் விரித்து, அரச முத்திரைச் சின்னம்போல் அப்பறவை அதில் காட்சி தருகிறது. ஒவ்வோர் இறகையும் தனித்தனியே காணலாம்.

1970இல் அவரது தன்வரலாறு வெளிவந்தது. 1991இல் அவர் மறைந்தார். பிரிட்டனில் 1981இல் இயற்றப்பட்ட சட்டப்படி, கூட்டிலிருக்கும் கூகையை உரிமமின்றித் தொந்தரவு செய்வது குற்றமாகும். படம் எடுப்பதற்காக என்றாலும் விலக்கில்லை. இன்று 1/8000 வினாடி வேகமுள்ள காமிராவைக் கடையில் வாங்கலாம். ஆனால் கூட்டை நெருங்கும் மனிதன் தாய்ப்பறவையின் கண்ணுக்கு இன்றும் பகைவனே. படம் எடுக்கப் புறப்படும் மாணவர்கள் இதை நினைவில் கொண்டு, கூட்டிலிருந்து விலகியே நிற்பது பறவைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.