துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா

ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஜூலையிலேயே தெற்கு நோக்கித் திரும்பத் தொடங்குகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரை அவை இரைதேடி இறங்கும் இடங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அவற்றுக்காகத் துப்பாக்கிகள் காத்திருந்தன. 1863 ஆகஸ்ட் 29 அன்று நான்டக்கெட் தீவில் பொன் உப்புக்கொத்திகளும் எஸ்கிமோ கர்லூ என்ற கரைப்பறவைகளும் பெருங்கூட்டமாக இறங்கின. 7,000க்கு மேல் சுடப்பட்டன. தீவில் இருந்த வெடிமருந்து தீர்ந்த பிறகுதான் வேட்டை நின்றது.

கடற்பறவைகளான ஆலாக்களுக்கோ தொப்பி எமனாக வந்தது. பெண்களின் தொப்பிகளில் வெள்ளைச் சிறகு வைப்பது அன்றைய மோஸ்தர். 1886இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் நியூயார்க் கடைத்தெருவில் இரண்டு முறை நடந்து 700 தொப்பிகளைப் பார்த்தார். 542இல் பறவை இறகுகள் இருந்தன. ஆலாவைச் சுடுவது எளிது என்பதுதான் கொடுமை. ஒன்று அடிபட்டு விழுந்தால் மற்றவை ஓடிப்போவதில்லை. அதன் தலைக்கு மேலேயே கூடிக் கத்தும். கூடு வைக்கும் பருவத்தில் தாய் போனால் மணலில் கிடக்கும் குஞ்சுகளும் பட்டினியில் மடியும்.

1896இல் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பாஸ்டன் பெண்கள் இறகுத் தொப்பியை விலக்கச் சொல்லி மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தைத் தொடங்கினர். வலசைப் பறவைகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1918இல் வந்தது. அதற்குள் கேமராவும் கரைக்கு வந்திருந்தது. சாப்மனே 1900இல் பறவைகளைப் படமெடுப்பது பற்றி நூல் எழுதினார். கண்ணாடித் தகடுகளோடு கனமான பெட்டியைச் சுமந்து, கூட்டருகே மறைவிடம் கட்டி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தொலைநோக்கு லென்ஸ்கள் பரவிய பின்பே எட்ட நின்று எடுக்க முடிந்தது.

எஸ்கிமோ கர்லூவுக்கு எல்லாமே தாமதமாக வந்தது. 1962இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் டான் பிளெய்ட்ஸ் அதைப் படமெடுத்தார். மறு ஆண்டு பார்படோஸில் ஒன்று சுடப்பட்டது. அதன்பின் உறுதியான சான்று எதுவும் இல்லை.

பைப்பிங் பிளோவர் என்ற சிறு உப்புக்கொத்தி பிழைத்தது. 1986இல் அது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களுக்கான சட்டப் பாதுகாப்பில் சேர்ந்தபோது மாசசூசெட்ஸில் 150 இணைகள்கூட இல்லை. அதன் முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதிபடும். ஆள் கிட்டே வந்தால் தாய் எழுந்துவிடும். கோடை வெயிலில் முட்டை வெந்துபோகும். அதனால் கூடுகளைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். இன்று அங்கே 1,000 இணைகளுக்கு மேல் கூடு வைக்கின்றன. படமெடுப்பவர்கள் கயிற்றுக்கு வெளியே, மணலில் படுத்தே எடுக்கிறார்கள்.