தோம்பும் சீட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைமார்க்கமாகப் போவார் வருவார் ஆனையிறவு முதலிய சில கடவைகளையே நம்பியிருந்தபடியால், 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து இந்நாட்டைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவ்வொடுங்கிய நிலத்திலே சிறு கோட்டைகளை வரிசையாக அமைத்து, வன்னிக்கும் குடாநாட்டுக்குமிடையே கடக்கும் ஆளையும் யானையையும் சரக்கையும் காவல்செய்து வந்தனர். ஆயினும் அவர்களுடைய ஆட்சியின் மெய்யான பலம் கடவையில் நின்ற காவலாளியிடத்தில் இருக்கவில்லை. கச்சேரியிற் கட்டுக்கட்டாக அடுக்கிய தோம்புகள் என்னும் பதிவேடுகளிலேயே இருந்தது.

1645ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்து ஊர்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய இறையையும் ஏட்டிலேற்றியிருந்தனர். அவர்களுடைய பதிவுகளை ஆதாரமாகக் கொண்டே போல் பீரிஸ் 1920இல் யாழ்ப்பாண இராச்சியத்தின் நிருவாகத்தைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தர் அம்முறையை விரித்து, காணிகளுக்கு ஒரு தோம்பு, குடிகளுக்கு ஒரு தலைத்தோம்பு, கோயிற்பற்றுத்தோறும் ஞானஸ்நானமும் விவாகமும் பதிவதற்கு உபாத்தியாயர் வசத்தில் ஒரு பள்ளித்தோம்பு என்று வகுத்தனர். தலைத்தோம்பின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால், குடும்பத் தலைவன் பெயர், அவனோடு வாழ்பவர் இன்னின்னார், அவர் அவனுக்கு என்ன முறை, வயது எத்தனை, அரசாங்கத்துக்குச் செய்யவேண்டிய ஊழியம் யாது என்பன ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவ்வூழியமோ எல்லாச் சாதியார்மீதும் ஒப்ப விழவில்லை. தோம்பில் எழுதிய ஒரு சொல் ஒருவனுடைய உடலுழைப்பை வருஷந்தோறும் கட்டிவைத்தது. மனத்தளவிற் சைவராகவே வாழ்ந்த குடும்பங்களுங்கூடப் பிள்ளைகளின் முதுச உரிமை கெடாதிருக்கும்பொருட்டுப் பள்ளித்தோம்பிலே பெயர் பதிவித்தன.

கந்தரும் வேலரும் சின்னத்தம்பியும் ஊருக்கு ஊர் பலராயிருந்த நாட்டிலே பெயரொன்றைக்கொண்டு எவரையும் தெரிந்தெடுக்க இயலாது. ஆனால் இன்ன குறிச்சி, இன்னாருடைய மகன், இத்தனை வயது, இன்ன தொழில் என்று நாலைந்து குறிப்புகளைச் சேர்த்துவிட்டால், தனித்தனியே பார்க்குமிடத்துப் பலருக்கும் பொதுவாயுள்ள அவையே ஒருங்குகூடி ஒருவனை மாத்திரமே சுட்டிநிற்கும். புதிதாக வந்தவரைத் திண்ணையிலிருந்தபடியே "எவ்விடம்? ஆற்றை மோன்?" என்று விசாரிக்கும் எங்கள் பெரியவர்களும் இக்கணக்கையே மனத்துக்குள் போட்டார்கள்.

இன்று இணையத்தளங்கள் பிரயோகிக்கும் உபாயம் இதுவே. 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி குக்கியை வகுத்தபோது, அது வருபவரின் உலாவியிடம் ஒப்படைத்து, மறுமுறை வரும்போது காட்டச்செய்யும் ஒரு சிறு சீட்டாகவே இருந்தது. விளம்பர நிறுவனங்கள் அதனைக் கைப்பற்றித் தளத்துக்குத் தளம் மக்களைப் பின்தொடரவே, ஐரோப்பாவில் அதற்குச் சம்மதம் கேட்கும் நியதி வந்தது. 2020இல் அப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவி பிறதளச் சீட்டுகளை முற்றாக மறுத்தது. அதன்மேல் பலர் சீட்டை விட்டுத் தோம்பைத் தேடினர். திரையின் அளவு, நேரவலயம், மொழி, நிறுவியுள்ள எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே போதும்: 2010இலேயே இலெக்ற்றோனிக் புறொன்ரியர் பவுண்டேசன் ஏறக்குறைய 4,70,000 உலாவிகளைச் சோதித்து, அவற்றுள் நூற்றுக்கு 83.6 தனித்துவமானவை எனக் கண்டது.

குக்கியில்லாத முறைகள் யாவும் இத்தகையனவல்ல என்பதையும் சொல்லவேண்டும். வருபவரின் இணைய முகவரியையும் உலாவியின் பெயரையும் அன்றன்றைக்கு மாறும் ஓர் இரகசிய எண்ணோடு கலந்து, மீட்டெடுக்கவொண்ணாத ஒரு குறியாக்கி, பொழுது மாறியதும் அவ்விரகசிய எண்ணை அழித்துவிடுகின்ற கணக்கும் உண்டு. அதன்படி இன்று வந்தவர் நாளைக்குப் புதியவரே. தலையை எண்ணும் இம்முறையையும் ஆளைத் தொடரும் அம்முறையையும் ஒரே பெயரால் அழைத்து, இரண்டும் மக்களுக்கு நன்மையென்று விற்பது பெருந்தவறு. கையிலுள்ள சீட்டை வேண்டாதவர் எறிந்துவிடலாம். தோம்பிலுள்ள பெயரை அவரால் அழிக்க முடியாது.

இதனை யாழ்ப்பாணத்தவர் தம் உடம்பாலே அறிந்தவர்கள். 1972முதல் வழங்கிவந்த தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்திலே முதலிரண்டு தானங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டின. பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்பட்டது. அட்டையைக் கொடுத்தவுடன் காவலரண் சிப்பாய் வயதையும் பாலையும் வாசித்துவிடுவான். யுத்த காலத்திலே குடாநாட்டை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. யுத்தம் ஓய்ந்த பின்னரும் இராணுவத்தினர் வீடுவீடாகக் குடும்பங்களைப் பதிந்தார்கள். அந்தப் பதிவை எதிர்த்து 2011இல் மனு உயர் நீதிமன்றம்வரை சென்றதற்குக் காரணம், பாஸைப்போல அதனைத் திருப்பிக் கொடுத்து விடுபட வழியில்லாமையே என்று நான் எண்ணுகிறேன்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ இனங்காட்டும் தகவல் அனைத்தையும், இணையவழி அடையாளங்காட்டிகளையும் உட்படுத்தி, தனிப்பட்ட தரவென்றே கொள்கின்றது. ஆகவே எங்கள் ஊரில் தளம் நடத்தும் பத்திரிகையோ பாடசாலையோ கடையோ குக்கி வைக்கவில்லையென்று அறிவிப்பதோடு அமைந்துவிடாமல், வந்தவரைப்பற்றி எவற்றை எழுதிவைக்கிறது, எத்தனை நாளைக்கு வைக்கிறது, எப்போது அழிக்கிறது என்ற மூன்றையும் முதற்பக்கத்திலேயே எல்லாருக்கும் விளங்கும் தமிழில் எழுதவேண்டும்.